இந்த ஆடுகள் என்ன செய்தன? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் தாவீது ராஜா எடுத்த மக்கள்தொகைக் கணக்கைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். ராஜா கணக்கெடுத்தது குற்றமாயிற்று. அதற்குத் தண்டனையாகக் கொள்ளைநோய் வந்து எழுபதாயிரம் பேர் இறந்தார்கள். "பாவம் செய்தவன் நான், இந்த ஆடுகள் என்ன செய்தன?" என்று தாவீது கடவுளிடம் கதறினான் என்கிறது 2 சாமுவேல் 24-ஆம் அதிகாரம். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. ஒரு கடிதத்துக்கு மட்டும் வேண்டிய அளவு இடம் தரும்படி ஆசிரியரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அதை முதலில் வைக்கிறேன்.

கேள்வி: ஐயா, என் மகன் டெங்கு காய்ச்சலில் இறந்து எட்டு மாதம் ஆகிறது. ஆறு வயது. துக்க வீட்டு ஜெபத்துக்கு வந்த உறவினர் ஒருவர், என் மாமனார் அந்தக் காலத்தில் தன் தம்பியின் நிலத்தை ஏமாற்றி எழுதி வாங்கினார் என்றும், தகப்பன்மாரின் அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் மூன்றாம் நான்காம் தலைமுறைவரை கடவுள் விசாரிப்பார் என்று யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது என்றும், தாவீதின் குழந்தை இறந்ததும் அப்படித்தான் என்றும் சொன்னார். அன்றிலிருந்து என்னால் ஜெபிக்க முடியவில்லை. அவர் சொன்னது உண்மையா?
– ஒரு தாய், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: இல்லை மகளே. உண்மை இல்லை. இந்த ஒரு வரியோடு நீ இதழை மூடி வைத்துவிட்டாலும் போதும். மீதியை மனதில் தெம்பு வரும்போது படித்துக்கொள்.

அந்த உறவினர்மேல் உனக்குக் கோபம் இருக்கும். எனக்கும் வருகிறது. ஆனால் அவரைத் திட்ட எனக்கு வாய் எழவில்லை. அவர் சொன்னதை நானும் ஒரு துக்க வீட்டில் சொல்லியிருக்கிறேன். 1978-ஆம் ஆண்டு. எனக்கு இருபத்தேழு வயது. குருப்பட்டம் பெற்று ஓராண்டுகூட ஆகவில்லை. தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சின்ன சபை. பனையேறும் ஒருவரின் நாலு வயது மகள் மூளைக்காய்ச்சலில் இறந்துபோனாள். தகப்பன் குடிப்பவர் என்று உபதேசியார் என்னிடம் சொல்லியிருந்தார். அடக்க ஆராதனையில் நான் 2 சாமுவேல் 12-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். தாவீது உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் நிறுத்திச் சாகடித்தான். அதன்பின் அவனுக்குப் பிறந்த குழந்தை நோயில் விழுந்து ஏழாம் நாள் இறந்தது. தகப்பன் செய்தது பிள்ளையின் தலையில் விடியும் என்று பிரசங்கித்தேன். யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அங்கே நின்றவர்களே இருபது பேர்தான்.

அந்த மனிதர் அழவில்லை. பனைமரத்தில் உரசி உரசிக் காய்த்துப்போன மார்பு. அதன்மேல் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு குழியையே பார்த்து நின்றார். அவருடைய தாயார்தான் என் பக்கம் திரும்பி, "குடித்தது அவன். காய்ச்சல் பிள்ளைக்கு ஏன் வந்தது, ஐயா?" என்று கேட்டார். சண்டைக்காகக் கேட்கவில்லை. குருவானவருக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிக் கேட்டார். நான் புத்தகத்தைப் புரட்டி அடுத்த ஜெபத்தை வாசித்தேன்.

அதன்பின் அவர் ஆலயத்தில் காலெடுத்து வைக்கவில்லை. பதினொரு ஆண்டு கழித்து அவரைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். மரத்தடியில் இருந்தார். ஓலையை மடித்துப் பட்டை கட்டி என் இரண்டு கைகளிலும் பிடிக்கவைத்து, அது நிறையப் பதநீர் ஊற்றினார். குடித்ததும் மறுபடி ஊற்றினார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்தப் பாட்டி அதற்குள் காலமாகியிருந்தார். அவருக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இப்போது உனக்கு எழுதுகிறேன்.

அதே அதிகாரத்தில் நான் அன்று வாசிக்காமல் தாண்டிப்போன இடங்கள் உண்டு. குழந்தை சாகும் என்று நாத்தான் தீர்க்கதரிசி தீர்ப்பைச் சொல்லிவிட்டுப் போகிறார். தாவீது அதற்குத் தலையாட்டவில்லை. சாப்பிடாமல் தரையில் கிடந்து, அந்தத் தீர்ப்பை மாற்றச் சொல்லி ஏழு நாள் மன்றாடுகிறான். கடவுளின் வாக்கு என்று தெரிந்தே மன்றாடுகிறான். வேதம் அதைக் குற்றமாக எழுதவில்லை. குழந்தை இறந்த பிறகு என்ன செய்தான் என்பதும் இருக்கிறது: தன் மனைவி பத்சேபாளுக்கு ஆறுதல் சொன்னான். குற்றவாளி அவனே, தீர்ப்பைத் தன் காதால் கேட்டவனும் அவனே. அப்படிப்பட்டவன்கூடப் பிள்ளையைப் பறிகொடுத்தவளின் முன்னால் உட்கார்ந்து தண்டனைக் கணக்குப் பேசியதாக ஒரு சொல் இல்லை.

கர்த்தர் அந்தப் பிள்ளையை அடித்தார் என்று 15-ஆம் வசனத்தில் எழுதியிருக்கிறது. அதை நான் உன்னிடம் மறைக்கமாட்டேன். அந்தக் குழந்தைக்கு ஒரு பெயர்கூட எழுதப்படவில்லை. தகப்பனைத் தண்டிக்க ஒரு சிசுவைச் சாகடிப்பது நீதி என்று என் மனசாட்சி இன்றுவரை ஒப்பவில்லை. வேதத்தை எழுதியவர்களில் பலருக்கும் ஒப்பவில்லை. எசேக்கியேலைப் படி. கி.மு. 597-இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களில் அவரும் ஒருவர். ஊரையும் உறவையும் இழந்து கேபார் நதியோரம் குடியிருந்த அந்த ஜனங்களின் வாயில் ஒரு பழமொழி புழங்கியது: "பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின." நம் ஊர்ப் புளியங்காயை நினைத்துக்கொள். தாத்தா தின்றார், பேரனுக்குப் பல் கூசுகிறது. உன் உறவினர் சொன்னது அப்படியே இதுதான். எசேக்கியேல் 18-ஆம் அதிகாரத்தில் கடவுள் அந்தப் பழமொழியை எடுத்து, இனி இதை இஸ்ரவேலில் யாரும் சொல்லக்கூடாது என்று ஆணையிடுகிறார். தகப்பனின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று பட்டவர்த்தனமாகச் சொல்கிறார்.

யூத ரபிகள் இந்த முரண்பாட்டைப் பூசி மெழுகவில்லை. அவர்களுடைய வேத விளக்கங்களும் விவாதங்களும் சேர்ந்த தல்மூதில், மக்கோத் என்ற பகுதியில், பிள்ளைகளிடத்தில் விசாரிக்கும் அந்தத் தீர்ப்பை மோசே சொன்னார், எசேக்கியேல் வந்து அதை ரத்து செய்தார் என்றே எழுதிவைத்திருக்கிறார்கள். ரத்தான சட்டத்தை உன் வீட்டு வாசலில் வந்து வாசித்துவிட்டுப் போயிருக்கிறார் அந்த மனிதர்.

நிலத்தைப் பற்றியும் ஒரு சொல். உன் மாமனார் அதை உண்மையிலேயே ஏமாற்றி வாங்கியிருந்தால், உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும். சகேயு என்ற வரிவசூல்காரன் நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். ஆனால் அது பத்திரமும் சர்வே எண்ணும் சேர்ந்த கணக்கு; உன் மகன் எந்தக் கடனுக்கும் வட்டியாகப் போகவில்லை. அவனைக் கொண்டுபோனது கொசு பரப்பிய காய்ச்சல்.

ஜெபிக்க முடியவில்லை என்கிறாய். முடியாவிட்டால் விட்டுவிடு. யோபு பத்துப் பிள்ளைகளை ஒரே நாளில் இழந்தான். ஜெபத்தைவிட வழக்காடியதுதான் அவன் புத்தகத்தில் அதிகம். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று சிநேகிதர்கள் வந்து ஏழு நாள் வாய் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு வாயைத் திறந்து, நீ ஏதோ செய்திருப்பாய், இல்லாவிட்டால் இப்படி வராது என்று ஆரம்பித்தார்கள். கடைசியில் கடவுளின் கோபம் மூண்டது அந்த மூவர்மேல்தான். "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்றார். கடவுளுக்காக வக்காலத்து வாங்கியவர்களைப் பார்த்துக் கடவுளே அப்படிச் சொல்கிறார், மகளே.

உன் மகனின் பெயரைக் கடிதத்தில் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுது. என் காலை ஜெபத்தில் சொல்வதற்கு எனக்கு அந்தப் பெயர் வேண்டும்.

கேள்வி: உடன்படிக்கைப் பெட்டியை வண்டியில் கொண்டுபோகும்போது மாடுகள் இடறின. பெட்டி விழுந்துவிடுமோ என்று ஊசா கையை நீட்டிப் பிடித்தான். அந்த இடத்திலேயே கடவுள் அவனை அடித்துக் கொன்றார் (2 சாமுவேல் 6). காப்பாற்ற நினைத்தவனைக் கொன்றது எந்த நியாயம்?
– பொறியியல் மாணவர், மதுரை

பதில்: மேடைகளில் வழக்கமாகச் சொல்லும் பதில் உங்களுக்கே தெரிந்திருக்கும். பரிசுத்தமானவற்றைத் தொட்டால் சாவார்கள் என்று எண்ணாகமம் 4-ஆம் அதிகாரத்தில் முன்பே எச்சரிக்கை இருக்கிறது. வழிபாட்டுப் பணிக்கென்று பிரிக்கப்பட்ட லேவியர் தண்டு கோத்துத் தோளில் சுமக்க வேண்டியதை வண்டியில் ஏற்றியதே தப்பு. நானும் பல ஆண்டு இதைச் சொல்லியிருக்கிறேன். இது சட்டத்தை விளக்குகிறது; நீங்கள் கேட்டது நியாயத்தை.

நீங்கள் கேட்டதைத் தாவீதும் கேட்டான். ஊசா விழுந்ததைக் கண்டு தாவீது மனம் கசந்தான், பயந்தும் போனான் என்கிறது வேதம். ஊர்வலம் அப்படியே நின்றது. பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுபோகாமல் ஓபேத் ஏதோம் வீட்டில் மூன்று மாதம் விட்டுவைத்தான். அந்தக் கசப்பை எழுதியவர்கள் அழிக்கவில்லை.

அந்தப் பெட்டி கீரியாத்யாரீமில் ஊசாவின் தகப்பன் அபினதாப் வீட்டில்தான் இருபது ஆண்டுக்குமேல் இருந்தது. அந்தப் பையன் அதைப் பார்த்தே வளர்ந்தவன். வீட்டுச் சாமான் சரியும்போது கை தானாகப் போகும் அல்லவா? அப்படித்தான் போயிருக்கும் என்று நான் நினைக்கிறேன். வண்டியில் ஏற்றச் சொன்னவர்கள் பெரியவர்கள். 1 நாளாகமம் 15-ஆம் அதிகாரத்தில் தாவீது ஆசாரியர்களையும் லேவியர்களையும் கூட்டி, முறைப்படி செய்யாமல் விட்டது நாம்தான் என்று ஒப்புக்கொள்கிறான். ஊசாமேல் பழி போடவில்லை. முறை தெரிந்தவர்கள் முறையை மீறினார்கள். வண்டியோடு நடந்தவன் செத்தான். மின்கம்பத்தில் ஏறிய தொழிலாளி கருகி விழும்போதெல்லாம், லைனை அணைக்காமல் ஏறச் சொன்னது யார் என்று கேட்கிறோமே, ஊசாவின் கதையை வாசிக்கும்போது எனக்கு அந்தக் கேள்விதான் வருகிறது. கடவுள் அவனை ஏன் அடித்தார் என்பதற்கு என் மனம் ஆறும் பதில் எனக்குக் கிடைக்கவில்லை. தாவீது மூன்று மாதம் நின்ற இடத்தில் நீங்களும் நின்று பாருங்கள். அவிசுவாசி என்று உங்களை யாராவது சொன்னால், 2 சாமுவேல் 6:8-ஐக் காட்டுங்கள்.

கேள்வி: ஞாயிறு பள்ளி ஆசிரியை நான். எலிசா தீர்க்கதரிசியை "மொட்டைத்தலையா" என்று கேலி செய்த நாற்பத்திரண்டு பிள்ளைகளைக் கரடிகள் பீறிய கதையை (2 இராஜாக்கள் 2) எப்படிச் சொல்லிக்கொடுப்பது? அவர்கள் வாலிப ரவுடிகள் என்கிறது ஒரு விளக்கவுரை.
– நாகர்கோவில்

பதில்: சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள் அம்மா. எபிரேய மூலத்தில் "சின்னப் பையன்கள்" என்றுதான் இருக்கிறது. கதை கசக்கிறது என்பதற்காகப் பிள்ளைகளுக்கு மீசை ஒட்டவைப்பது நேர்மையாகாது. ரபிகளில் சிலரும் அப்படி முயன்றிருக்கிறார்கள். ஆனால் அதே தல்மூதில் சோத்தா என்ற பகுதியில், எலிசாவுக்குப் பிற்காலத்தில் வந்த நோய்களில் ஒன்று, பிள்ளைகள்மேல் கரடிகளை ஏவிவிட்டதற்காக வந்தது என்றும் இருக்கிறது. தீர்க்கதரிசியே ஆனாலும் பிள்ளைகள் விஷயத்தில் கணக்குக் கேட்கப்படும் என்று நினைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

எனக்கு ஏழு வயதில் இந்தக் கதையைச் சொன்ன ஒருவர், ஆலயத்தில் சிரித்தால் கரடி வரும் என்று முடித்தார். ஆலயத்துக்குப் பின்னால் உடைமரக் காடு. பல வாரம் அந்தப் பக்கத்து ஜன்னலோரம் நான் உட்காரவில்லை. உங்கள் வகுப்பில் யாராவது தானாகப் படித்துவிட்டுக் கேட்டால், "எனக்கும் இது கஷ்டமாகத்தான் இருக்கிறது" என்று உண்மையைச் சொல்லுங்கள். பிறகு அதே எலிசாவின் இன்னொரு கதையை 2 இராஜாக்கள் 6-இல் எடுத்துக் காட்டுங்கள். தன்னைப் பிடிக்க வந்த சீரியப் படை அவர் கையிலேயே சிக்கியபோது, வெட்டட்டுமா என்று ராஜா கேட்கிறான். வெட்டாதே, அவர்கள் முன் அப்பமும் தண்ணீரும் வை என்கிறார் எலிசா. விருந்து சாப்பிட்டுவிட்டு அவர்கள் ஊர் திரும்பினார்கள். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

கேள்வி: அமலேக்கியரில் குழந்தைகளையும் பால்குடிக்கிற பிள்ளைகளையும் கொல்லச் சொல்லிச் சவுலுக்குக் கட்டளை வருகிறதே (1 சாமுவேல் 15)?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இதற்கு நான் நியாயம் கற்பிக்கப்போவதில்லை. கடவுள் அப்படிச் சொன்னார் என்று சாமுவேல் நம்பினார் என்று எடுத்துக்கொள்கிறேன். இன்று ஒருவர் வந்து கடவுள் எனக்கு அப்படிச் சொன்னார் என்றால், ஒரு நொடிகூட நம்பமாட்டேன்.

கேள்வி: சுனாமி வந்த வாரம், இது கடற்கரை ஜனங்களின் பாவத்துக்கு வந்த தண்டனை என்று ஒரு பிரசங்கியார் சொல்லக் கேட்டேன். பேரழிவுகளில் கடவுளின் கை இல்லையா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருநெல்வேலி

பதில்: உங்கள் ஊருக்கும் இந்தக் கேள்விக்கும் பழைய தொடர்பு உண்டு. 1934 ஜனவரி 15-ஆம் தேதி பீகாரில் பெரிய நிலநடுக்கம். ஒன்பது நாள் கழித்து, ஜனவரி 24 அன்று காந்தி திருநெல்வேலியில் பேசினார். தீண்டாமைக்கு எதிரான சுற்றுப்பயணத்தில் வந்திருந்தார். தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் அனுப்பிய தண்டனையே இந்த நிலநடுக்கம் என்று அந்தக் கூட்டத்தில் சொன்னார். அதைப் பத்திரிகையில் படித்த தாகூர் பதறி, மறுப்பு எழுதி அனுப்பினார். காந்தி அந்த மறுப்பைப் பிப்ரவரியில் தம் 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே வெளியிட்டுத் தம் பதிலையும் எழுதினார். மறுப்பை மறைக்காத அந்தக் குணத்துக்காக அவரைக் கும்பிடுகிறேன்.

தீண்டாமை பெரும் பாவம். அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. எங்கள் ஆலயங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் அது புகுந்திருப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனாலும் இந்த வழக்கில் நான் தாகூர் பக்கம். பீகாரில் இடிந்த சுவர்கள் யார் தலைமேல் விழுவது என்று சாதி பார்க்கவில்லை. ஒதுக்கப்பட்டவனும் அதே மண்ணில்தான் புதைந்தான். ஒதுக்கியவனுக்கு வந்த தண்டனையில் அவனுக்கு என்ன பங்கு?

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வேளாங்கண்ணிக்கு ஜெபிக்க வந்தவர்களையும் அலை இழுத்துக்கொண்டு போனது. நாங்கள் சில பேர் போர்வையும் அரிசியும் கொண்டு போயிருந்தோம். ஒரு மீனவர் குப்பத்தில் ஒரு பெண் ஈர மணலில் சின்னச் செருப்பு ஒன்றைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். ஒற்றைச் செருப்பு. மணல் போன பிறகும் கழுவிக்கொண்டிருந்தார். அந்தப் பிரசங்கியார் தம் பிரசங்கத்தை அந்தப் பெண்ணின் எதிரே நின்று சொல்லியிருப்பாரா?

இயேசுவிடம் இதே பேச்சு வந்தது. எருசலேமில் சீலோவாம் கோபுரம் சரிந்து பதினெட்டுப் பேர் செத்திருந்தார்கள். அந்தப் பதினெட்டுப் பேரும் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்கிறார் (லூக்கா 13). நீங்களும் மனந்திரும்புங்கள் என்று அதே மூச்சில் சொன்னார் என்பதும் உண்மை. அதைக் கேட்கும் ஒவ்வொருவரும் தன் நெஞ்சில் கைவைத்துக்கொள்ள வேண்டியது. செத்தவர்கள்மேல் எழுதி ஒட்டுவதற்கு அல்ல.

கேள்வி: நான் உங்கள் மதத்தவன் அல்லன். ஆனாலும் இந்தப் பகுதியைத் தவறாமல் படிக்கிறேன். மகாபாரதத்தில் ஆணிமாண்டவ்யர் கதை உங்களுக்குத் தெரியுமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: தெரியும் ஐயா. நீங்கள் நினைவூட்டியதற்கு நன்றி. தெரியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாண்டவ்யர் மௌனவிரதத்தில் இருந்தபோது திருடர்கள் அவருடைய ஆசிரமத்தில் பொருளைப் பதுக்கினார்கள். சேவகர்கள் கேட்டதற்கு அவர் வாய் திறக்காததால், அவரையும் கழுவேற்றினான் அரசன். சாகாமல் பிழைத்த முனிவர் நேரே தருமதேவனிடம் போனார். நான் செய்த பாவம் என்ன என்று கேட்டார். சிறுவயதில் நீ பூச்சிகளைப் புல்லால் குத்தினாய் என்றான் தருமன்.

அதற்கு முனிவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. சின்னக் குற்றத்துக்கு இத்தனை பெரிய தண்டனையா என்று கேட்டு, தருமனையே மனிதனாகப் பிறக்கும்படி சபித்தார். அவன் விதுரனாகப் பிறந்தான். பதினான்கு வயதுவரை செய்வது பாவக்கணக்கில் சேராது என்று ஒரு வரம்பையும் முனிவர் விதித்தார். தண்டனை கொடுக்கும் தெய்வத்தை மனிதன் நிறுத்திக் கேள்வி கேட்கிறான். தெய்வத்தின் சட்டமே திருந்துகிறது. எங்கள் ஆதியாகமத்தில் ஆபிரகாமும் சோதோம் பட்டணத்துக்காக ஐம்பது நீதிமான்களில் ஆரம்பித்துப் பத்துப் பேர்வரை கடவுளோடு பேரம் பேசுகிறான். "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று முகத்துக்கு நேரே கேட்கிறான். கேட்டதற்காகக் கடவுள் அவனைத் தண்டிக்கவில்லை. பத்தோடு ஏன் நிறுத்தினான் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. உங்கள் முனிவர் ஒரு படி மேலே போயிருக்கிறார்.

கேள்வி: இத்தனை சங்கடம் எதற்கு? பழைய ஏற்பாட்டை விட்டுவிட்டு இயேசுவின் அன்பை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன?
– வாசகி, சென்னை

பதில்: மார்சியன் என்ற கப்பல் முதலாளி இரண்டாம் நூற்றாண்டில் இதைத்தான் சொன்னார். எபிரேய வேதத்தின் கடவுள் வேறு, இயேசுவின் பிதா வேறு என்றார். 144-ஆம் ஆண்டில் ரோமாபுரிச் சபை அவரை விலக்கியது. அவர் கொடுத்திருந்த பெரிய காணிக்கையையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. விலக்கியது சரி என்றே நினைக்கிறேன். வெட்டி எடுத்தால் ஊசாவோடு தாவீதின் கசப்பும் போய்விடும். யோபுவின் வழக்கும், எசேக்கியேல் ரத்து செய்ததும் போய்விடும். கோராகு மோசேயை எதிர்த்ததற்காக நிலம் பிளந்து விழுங்கப்பட்டான். ஆனால் "கோராகின் குமாரரோ சாகவில்லை" என்று எண்ணாகமம் 26-இல் ஒரு சின்ன வரி இருக்கிறது. மான் நீரோடையை வாஞ்சிப்பதுபோல் என்று தொடங்கும் 42-ஆம் சங்கீதம் அந்தக் கோராகின் புத்திரர் பெயரில்தான் இருக்கிறது. அதைப் பாடாமல் நான் எப்படி இருப்பேன்?

கேள்வி: நினிவே ராஜா, மனுஷரும் மாடுகளும் ஆடுகளும் ஒன்றும் சாப்பிடக்கூடாது, தண்ணீர் குடிக்கக்கூடாது என்று சொன்னார். மாடு என்ன பாவம் செய்தது?
– ஐந்தாம் வகுப்பு மாணவி, சாத்தான்குளம்

பதில்: என் செல்லப் பேத்தி, இந்த மாதம் பெரியவர்கள் எல்லாரும் கேட்டதை நீ ஒரே வரியில் கேட்டுவிட்டாய். மாடு ஒரு பாவமும் செய்யவில்லை. ஊர் அழியப்போகிறது என்று யோனா தீர்க்கதரிசி சொன்னதைக் கேட்டு, ராஜா பயத்தில் அப்படிச் சொல்லிவிட்டார். ஆனால் யோனாவின் புத்தகத்தில் கடைசி வரியைப் பார். நினிவே அழியவில்லையே என்று யோனா கோபமாக வெயிலில் உட்கார்ந்திருந்தார். கடவுள் அவருக்கு நிழலாக ஓர் ஆமணக்குச் செடியை முளைக்கவைத்தார். மறுநாள் ஒரு பூச்சி அரித்து அது பட்டுப்போனது. செடி போனதற்கு யோனா அவ்வளவு வருத்தப்பட்டார். நீ நட்டு வளர்க்காத செடிக்கே இப்படிப் பரிதாபப்படுகிறாயே, வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் தெரியாத லட்சத்து இருபதாயிரம் பேரும் நிறைய மிருகங்களும் இருக்கிற ஊருக்கு நான் பரிதாபப்படக் கூடாதா என்று கடவுள் கேட்டார். கடவுள் மாடுகளையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டார் பார்த்தாயா? புத்தகம் அந்தக் கேள்வியோடு நின்றுவிடுகிறது. யோனா என்ன சொன்னார் என்று எழுதவில்லை.

உங்கள் வீட்டுப் பக்கம் ஆமணக்குச் செடி இருக்கும். ஓர் இலையைப் பறித்து வெயிலில் வை. எவ்வளவு நேரத்தில் துவண்டுபோகிறது என்று பார்த்து எனக்கு எழுது. அதற்கு முன்னால் வீட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிடு.